குளத்து ஓரத்தில் ஒரு பூ: டெங்கில் மண்ணும் தாமரையும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. வீட்டில் பெரியவங்க இருந்தா அவங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.

நம் ஆலயத்தின் பின்பக்கம் இருக்கும் குளத்தைப் பற்றி இரண்டு கருத்து ஓடிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். திருவிழா நாளில் கார் நிறுத்த இடமில்லை, குளத்தை மண்ணடித்து மூடிச் சிமெண்டு போட்டுவிடலாம் என்பது ஒன்று. தூர்வாரி, கரையைக் கட்டி, ஓரத்தில் தாமரை வளர்க்கலாம் என்பது இன்னொன்று. ஆண்டுக் கூட்டத்தில் இதற்கு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். தொண்டர்கள் நாங்கள் தாமரையின் பக்கம் நிற்கிறோம்.

"மகாலட்சுமிக்கு உகந்த பூ, அதனால்தான்" என்று ஒரே வரியில் சொல்லி முடிக்கலாம். அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இந்த டெங்கில் மண்ணிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சின்ன விஷயம். தாமரை ஏரியின் நடுவில் வளராது. ஆழமான தண்ணீர் அதற்கு ஆகாது. கிழங்கு சேற்றில் கிடக்கும். இலையும் பூவும் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். அதனால் ஆழம் குறைந்த, வண்டல் படிந்த கரையோரம்தான் அதன் வீடு. எவ்வளவு பெரிய ஏரியானாலும் தாமரை தேடுவது ஓரத்தைத்தான். இதை மனசுல வச்சுக்குங்க.

நம் முன்னோர் கோயிலையும் குளத்தையும் பிரித்துப் பார்த்ததே இல்லை. திருவாரூர் தியாகராஜர் கோயிலைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி. மூன்றுக்கும் ஒரே அளவு! சாமி இருக்கும் இடத்துக்கு எவ்வளவு நிலமோ, அவ்வளவு நிலம் தண்ணீருக்கு. அதே அளவு சாமிக்கு வேண்டிய பூவுக்கு. அந்தக் குளத்தின் பெயரே கமலாலயம். கமலம் என்றால் தாமரை. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயில் குளத்துக்குப் பொற்றாமரைக் குளம் என்று பெயர். இந்திரன் பூஜைக்காக அங்கே பொன் தாமரை பூத்தது என்பது தலவரலாறு.

நந்தவனம் வைக்கவும், பூப்பறித்து மாலை கட்டுபவர்களின் சாப்பாட்டுக்கும் நிலம் எழுதி வைத்த செய்திகளைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் பார்க்கலாம். பூ என்பது கடைசி நேரத்தில் கடைக்கு ஓடி வாங்கும் சாமானாக அன்று இல்லை. யார் நடுவது, யார் பறிப்பது, யார் கட்டுவது என்று கல்லில் வெட்டி வைக்கும் அளவுக்கு அது கோயில் நிர்வாகத்தின் வேலை. அதற்கும் முன்னே போனால், சங்க இலக்கியத்தில் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. தாமரை, ஆம்பல், குவளை எல்லாம் அதில் உண்டு. தண்ணீரில் பூக்கும் பூவைக்கூடத் தனித்தனியாகப் பிரித்துப் பெயர் வைத்த ஜனம் நாம்.

திருவீழிமிழலைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகாவிஷ்ணு தினமும் ஆயிரம் தாமரை வைத்துச் சிவனைப் பூஜித்தார். ஒருநாள் ஒரு பூ குறைந்துவிட்டது. பூஜை நிற்கக் கூடாதென்று தன் கண்ணையே பூவாக வைத்தார். சக்கரம் அவருக்குக் கிடைத்தது அப்படித்தான். ஒரு பூ குறைந்ததற்கு அவர் கொடுத்த விலையைப் பாருங்க. இன்றைக்கு நாம் பூ குறைந்தால் பிளாஸ்டிக் தாமரையைக் கழுவித் திரும்பவும் வைக்கிறோம். யாரையும் குறை சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் நாங்களும்தான் வைக்கிறோம். நவராத்திரி வந்தால் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்கோ கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ ஓட வேண்டும். மொட்டு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வெயில் ஏறினால் வீடு வந்து சேர்வதற்குள் இதழ் ஓரமெல்லாம் கறுத்துவிடும்.

சரி, இந்தப் பழக்கம் கடல் தாண்டி வந்தபோது என்ன ஆனது?

கங்காணியோடு கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்தது சாமியின் பெயரும் பிடி மண்ணும் வேண்டுதலும்தான். ஐந்து வேலிக் குளம் எங்கிருந்து வரும்? தோட்டத்தில் நிலமெல்லாம் துரையுடையது. பால்மரம் நட முடியாத மேட்டிலோ, லயத்தின் கடைசியிலோ, ஓடைப் பக்கமோ கோயிலுக்கு இடம் விட்டார்கள். மாரியம்மனும் முனீஸ்வரரும் தோட்டத்தின் ஓரத்தில்தான் குடியேறினார்கள். ஓடைத் தண்ணீர்தான் தீர்த்தம். கரகம் பாலித்ததும் அங்கேதான். பூவுக்குக் கோயில் வாசலில் ஒரு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, ஒரு அரளி. லயத்து வாசலில் துளசி மாடம். இருந்த ஓரத்தை வைத்துக்கொண்டே ஒரு நந்தவனத்தை உண்டாக்கிவிட்டார்கள் நம் பாட்டிமார்கள்.

நம் பக்கத்தில் இருந்த பெரிய தோட்டங்களில் ஒன்று பெராங் பெசார். 1918இல் ஆயர் ஹீத்தாம், அதாவது 'கறுப்புத் தண்ணீர்' என்ற பெயரில் காட்டைத் திறந்தார்கள். 1921இல் பெராங் பெசார் என்ற பெயர் நிலைத்தது. 'பெரிய போர்' என்று அர்த்தம். முதல் உலகப் போரை முடித்துவிட்டு வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் திறந்த தோட்டம் அது. 800 ஏக்கரில் தொடங்கி, பின்னால் 8,000 ஏக்கர் வரை விரிந்தது. பால்வெட்டு வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் 'பிபி' மரம் என்று கேட்டுப் பாருங்க, கண்ணு விரியும். பிபி 86, பிபி 260 என்ற ரப்பர் ரகங்களின் அந்த இரண்டு எழுத்தும் பெராங் பெசாரைக் குறிப்பவைதான். உலகத்தின் பல நாட்டு ரப்பர் தோட்டங்களில் நம் ஊர்ப் பக்கத்து மண்ணின் பெயர் இப்படிப் பதிந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சிக்கு நிரை நிரையாக மரம் நட்டு, வெட்டி, பால் அளந்து கொடுத்த கைகளின் பெயர் எதிலும் இல்லை.

1990களில் அரசாங்கத்தின் புதிய நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா அந்த நிலத்தில் எழுந்தது. 1995இல் கட்டுமானம் தொடங்கியது. 2001 பிப்ரவரி 1ஆம் தேதி அது கூட்டரசுப் பிரதேசமானது. பெராங் பெசார், காலவே, மேடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் மக்கள், ஏறக்குறைய 400 குடும்பங்கள், டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தார்கள். லயத்தில் வீடு சின்னது. ஆனால் முன்னால் கொஞ்சம் மண் இருந்தது. முருங்கை, கறிவேப்பிலை, கோழிக்கூண்டு, செம்பருத்தி எல்லாம் அந்த மண்ணில்தான். மாடி வீட்டில் செடி தொட்டிக்குப் போய்விட்டது. மண்ணோடு கூடிய வீடு வேண்டும் என்று அந்த மக்கள் வருஷக்கணக்காக ஏன் கேட்டார்கள் என்பது, கையில் மண் ஒட்டி வாழ்ந்தவர்களுக்குப் புரியும்.

இந்த மண்ணில் நமக்கும் முன்னே இருந்தவர்கள் தெமுவான் மக்கள். அவர்களையும் ஒரு வார்த்தை நினைத்துக்கொள்ள வேண்டும். டெங்கில் புக்கிட் தம்போய் கிராமத்தின் நிலத்தில் ஒரு பகுதி 1995இல் நெடுஞ்சாலைக்கு எடுக்கப்பட்டபோது, அவர்கள் நீதிமன்றம் போனார்கள். சாகோங் தாசி வழக்கு என்று சொல்வார்கள். 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அந்தப் பாரம்பரிய நிலத்தின் மீது அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்த நாட்டின் பூர்வகுடிகள் வரலாற்றில் முக்கியமான தீர்ப்பு அது. காலங்காலமாக ஓர் இடத்தில் வாழ்ந்து, நட்டு, காத்து வந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை நம் ஊரே நாட்டுக்குச் சொல்லியிருக்கிறது.

இப்போ தண்ணீர்ப் பக்கம் வருவோம். டெங்கிலைச் சுற்றி இவ்வளவு ஏரியும் குட்டையும் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. லங்காட் ஆறு இறைவன் கொடுத்தது. மற்றதில் பெரும்பகுதி மனிதன் தோண்டியது. ஈயம் தேடித் தோண்டிய பள்ளங்கள் அவை.

சிலாங்கூரின் கதையே ஈயத்தில் தொடங்குகிறது. 1857இல் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்று வழியாக அம்பாங் பக்கம் அனுப்பியதுதான் கோலாலம்பூர் பிறந்த கதை. பிறகு ஈயக் கப்பல்கள் வந்தன. தனக்குத்தானே ஒரு குளத்தை வெட்டி, அதில் மிதந்துகொண்டு, முன்னால் இருக்கும் மண்ணை வாளிச் சங்கிலியால் அள்ளி, கழுவி, ஈயத்தை எடுத்துக்கொண்டு, மணலைப் பின்னால் துப்பும் ராட்சத இயந்திரம் அது. அது போன பாதையில் மிஞ்சியது ஆழமான தண்ணீரும் வெள்ளை மணலும். வளமான மேல்மண் எல்லாம் கழுவுண்டு போய்விட்டது. ஈயக்குட்டைக் கரையில் செடி வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மணலில் புல்கூட யோசித்துத்தான் முளைக்கும்.

1985 அக்டோபர் 24ஆம் தேதி, விலையைத் தாங்கிப் பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்துபோனது. ஈயத்தின் விலை பாதாளத்துக்கு விழுந்தது. நாடு முழுக்க லம்பங்கள் மூடப்பட்டன. கப்பல்கள் துருப்பிடித்தன. குட்டைகள் மட்டும் மழைநீரை வாங்கிக்கொண்டு அப்படியே கிடந்தன. சில இடங்களில் சீனர்கள் மீன் வளர்த்தார்கள், வாத்து வளர்த்தார்கள். பல இடங்களில் குப்பை கொட்டி மூடி வீடு கட்டினார்கள்.

நம் பக்கத்தில் வேறொன்று நடந்தது. பழைய ஈய நிலத்தையும் அதை ஒட்டிய கரிச்சதுப்பையும் சேர்த்து ஈரநிலப் பூங்காவாக மாற்றினார்கள். அதுதான் பாயா இண்டா. இப்போது பெர்ஹிலித்தான் இலாகாவின் பொறுப்பில் இருக்கிறது. மொத்தம் 14 ஏரிகள். அதில் ஓர் ஏரிக்குப் பெயரே தாமரை ஏரி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலையில் போய்ப் பாருங்க. ஏரியின் நடுவில் வெறும் தண்ணீர், ஓரத்தில்தான் இலையும் பூவும். அங்கே முதலைகளும் உண்டு. கஜேந்திர மோட்சம் கதையில் யானையைக் கவ்விய முதலையும், யானை துதிக்கையில் தூக்கிய தாமரையும் ஒரே குளத்தில் இருந்தது போல, நம் ஊரிலும் இரண்டும் பக்கத்தில்தான் இருக்கிறது. யானை மட்டும் கிடையாது!

புத்ராஜெயாவிலும் இதே பாடம்தான். அங்கே ஏரியைக் கட்டுவதற்கு முன்னால், வரும் தண்ணீரை வடிகட்டச் சுங்கை சுவாவ் ஆற்று வழியில் 24 பிரிவுகளாக ஈரநிலம் அமைத்து, 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் நீர்த்தாவரங்களை நட்டார்கள். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய நகரமே, கரையோரத்துச் செடி இல்லாவிட்டால் தண்ணீர் நாறிவிடும் என்று ஒப்புக்கொண்டு செய்த வேலை அது. வேரும் தண்டும் வண்டலைப் பிடித்து நிறுத்தும். அழுக்கில் இருக்கும் சத்தைச் செடி உறிஞ்சிக்கொள்ளும். கலங்கிய தண்ணீர் தெளியும்.

ஓரத்தைக் கெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த நாட்டிலேயே உதாரணம் உண்டு. பகாங்கில் உள்ள தாசிக் சினி ஏரி ஒரு காலத்தில் தாமரைக்குப் பேர்போனது. சீசனில் ஏரி முழுக்கச் சிவந்து கிடக்குமாம். 1990களின் நடுவில் அங்கே தடுப்பணை கட்டினார்கள். நீர்மட்டம் உயர்ந்தது. கரையோர மரங்கள் நின்றபடியே செத்தன. சுற்றிலும் காடு அழிந்து, சுரங்கமும் தோட்டமும் வந்து, சேறு இறங்கியது. வெளிநாட்டு நீர்க்களை பரவியது. தாமரை வெகுவாகக் குறைந்துபோனது. 2009இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பிறகும், தாமரையைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடாக இருக்கிறது. குளத்தை இடித்தால்தான் தாமரை போகும் என்றில்லை. ஓரம் போனாலே போய்விடும்.

இதெல்லாம் நம் குளத்துக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நம் குளமும் பெரியவர்கள் சொல்வதுபடி பழைய குட்டையின் மிச்சம்தான். யாரும் கல் படிக்கட்டு கட்டிய தீர்த்தக் குளம் கிடையாது. தோட்டத்திலிருந்து அம்மனைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தபோது, பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு அதன் கரையில் வைத்தார்கள். சுற்றிலும் இருந்த தண்ணீர் எல்லாம் இன்று யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது. சிலது இலாகாவின் கையில், சிலது வீடமைப்பு நிறுவனத்தின் கையில், சிலது தாருக்கு அடியில். நாமே வைத்திருக்கும் தண்ணீர் இது ஒன்றுதான். திருவாரூரில் ஐந்து வேலி. நமக்கு ஒரு கூடைப்பந்து மைதானம் அளவு. பரவாயில்லை, அளவு முக்கியமில்லை. கோயிலுக்குக் குளம் உண்டு, குளத்துக்குப் பூ உண்டு என்ற அந்த மூன்று பங்குக் கணக்கு, கடல் தாண்டி இத்தனை தலைமுறைக்குப் பிறகு நம் கைக்கு வந்திருக்கிறது. அதை நாமே மூடலாமா?

தாமரையை வளர்ப்பது கஷ்டமா என்று பலர் கேட்டீர்கள். கஷ்டமில்லை, ஆனால் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் செய்ய நினைப்பதை அப்படியே சொல்கிறோம். வீட்டில் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கும் உதவும்.

முதலில் வெயில். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் இலை வரும், பூ வராது. நம் குளத்தின் கிழக்குக் கரை அதற்குத் தோதானது.

இரண்டாவது மண். ஈயக்குட்டை மணல் இதற்கு ஆகாது. கடையில் பையில் விற்கும் தொட்டி மண்ணும் ஆகாது; அது மிதந்து தண்ணீரைக் கெடுக்கும். கனமான களிமண் வேண்டும். பங்கஜம் என்று தாமரைக்கு ஒரு பெயர் உண்டே, பங்கம் என்றால் சேறு. சேற்றில் பிறந்தது என்று பெயரிலேயே விவசாயக் குறிப்பு இருக்கிறது. மலாய்க்காரர்கள் தாமரையைத் தெராத்தாய் என்பார்கள், செரோஜா என்றும் சொல்வார்கள். செரோஜா நம் 'சரோஜா'தான். சரஸ் என்றால் குளம், குளத்தில் பிறந்தவள். நம் வீட்டுப் பாட்டியின் பெயர் மலாய் மொழியிலும் பூத்திருக்கிறது.

மூன்றாவது ஆழம். கிழங்கு நட்ட புதிதில் மண்ணுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் போதும். இலை எழுந்து நின்ற பிறகு இரண்டு அடிவரை உயர்த்தலாம். அதனால்தான் கரையை நேராக வெட்டாமல், படிப்படியாகச் சரிவாக அமைக்க வேண்டும் என்று கேட்கிறோம். கிழங்கைப் படுக்க வைத்து நட வேண்டும். அதன் முளை நுனி மிகவும் மென்மையானது. ஒடிந்தால் அந்தக் கிழங்கு வீண். நுனி மட்டும் மண்ணுக்கு வெளியே தெரியட்டும்.

நான்காவது கட்டுப்பாடு. சேற்றுக்கு அடியில் தாமரை ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கரையை விட்டால் அடுத்த வருஷம் குளம் முழுக்க அதுதான். அதனால் கரையோரம் மூன்றடி அகலத்தில் குட்டைச் சுவர் எழுப்பி, அதற்குள் மட்டும் வைக்கலாம். வீட்டில் வளர்ப்பவர்கள் அடியில் ஓட்டை இல்லாத அகலமான தொட்டி வாங்குங்க. சுங்கை பூலோ நர்சரிகளில் கேட்டுப் பார்க்கலாம்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். சீன மருந்துக் கடையில் விற்கும் தோலுரித்த வெள்ளை விதை முளைக்காது. கறுத்த, கல் மாதிரி ஓடுள்ள முழு விதை வேண்டும். ஒரு முனையில் ஓட்டை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே வெண்மை தெரிந்ததும் நிறுத்தி, தண்ணீரில் போட்டுத் தினமும் தண்ணீர் மாற்றுங்க. ஒரு வாரத்தில் பச்சை முளை எட்டிப் பார்க்கும். அந்த ஓட்டின் பலத்தைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். சீனாவின் லியாவ்நிங் மாநிலத்தில் வற்றிப்போன ஏரிப்படுகையில் கிடைத்த தாமரை விதைகளை ஆராய்ச்சியாளர்கள் முளைக்க வைத்தார்கள். அதில் ஒன்றின் வயது ஏறக்குறைய 1,300 வருஷம் என்று 1995இல் வெளியிட்டார்கள். ஏரி வற்றி, அரசுகள் மாறி, எல்லாம் போன பிறகும் அந்த விதை சேற்றுக்குள் காத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் பட்டதும் எழுந்துவிட்டது.

பராமரிப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை. காய்ந்த இலையைத் தண்ணீருக்கு அடியில் வெட்டாதீங்க. தாமரைத் தண்டு குழாய் மாதிரி. இலை மேலேயிருந்து காற்றை இழுத்து, தண்டு வழியாகச் சேற்றில் மூச்சுமுட்டிக் கிடக்கும் கிழங்குக்கு அனுப்புகிறது. சூப்பில் போடும் தாமரைக் கிழங்கை வெட்டினால் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறதே, அதெல்லாம் காற்றுப்பாதை. தண்ணீருக்குக் கீழே வெட்டினால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கிழங்கு அழுகலாம். தண்ணீருக்கு மேலே கொஞ்சம் தண்டு விட்டு வெட்டுங்க.

பூஜைக்கு மொட்டாக, விடியற்காலையில் பறிக்க வேண்டும். எல்லாவற்றையும் பறித்துவிடாமல் சிலதைப் பூக்க விடுவோம். பூ தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளும் அதிசயமும் தாமரையில் உண்டு. வெளியே 10 டிகிரி குளிராக இருந்தாலும் பூவுக்குள் 30 டிகிரிக்கு மேல் வைத்திருக்கிறது என்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் தாவரவியல் பூங்காவில் அளந்து 1996இல் எழுதினார்கள். அந்தக் கதகதப்பு தேடி வண்டுகள் வரும். இரவில் மூடும் தாமரைக்குள் வண்டு தங்குவதாகப் புலவர்கள் சொன்னதெல்லாம் வெறும் கற்பனையில்லை.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். ஆகாயத்தாமரை என்று நாம் கூப்பிடும், ஊதாப் பூ பூக்கும் கெலாடி புந்திங் தாமரையே கிடையாது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த களை. அழகாக இருக்கிறதே என்று கொண்டுவந்து குளத்தில் போட்டால், சில மாதத்தில் குளத்தைப் போர்த்தி மீனைக் கொன்றுவிடும். தயவுசெய்து யாரும் நேர்த்திக்கடனாகக்கூடக் கொண்டுவர வேண்டாம்.

இப்போது எதிர்க்கருத்துக்கு வருவோம். அதைச் சொன்னவர்களும் ஆலயத்தின் நல்லதுக்குத்தான் சொன்னார்கள்.

"கொசு வரும், டிங்கி வரும்." நியாயமான பயம். ஏடிஸ் கொசு முட்டையிடுவது அசையாமல் தேங்கிய தெளிந்த தண்ணீரில். மீன் இருக்கும் குளத்தில் புழு பிழைக்காது. கப்பி மீன் விட்டால் போதும்; அது தானே பெருகும். ஆபத்து குளத்தில் இருப்பதைவிட, குளத்தைச் சுற்றி நாம் போட்டுவிட்டுப் போகும் தேங்காய் மூடியிலும் பிளாஸ்டிக் கப்பிலும்தான் அதிகம். விளக்குப் போட்ட பிறகு அகலைக் கவிழ்த்து வையுங்க. வீட்டில் தொட்டித் தாமரை வைப்பவர்களும் நாலு கப்பி விட மறக்காதீங்க. கரையில் இளஞ்சிவப்பாக முத்து முத்தாக ஒட்டியிருப்பது பூ மொட்டு இல்லை, சிப்புட் கொண்டாங் நத்தையின் முட்டை. இளம் தாமரை இலையைத் தின்றுவிடும். சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை!

"கார் நிறுத்த இடம் வேண்டும்." உண்மைதான். வருஷத்தில் நான்கைந்து பெரிய நாள்கள் சிரமப்படுகிறோம். அந்த நாள்களுக்குத் தொண்டர்கள் நாங்களே சாலையோரம் நின்று வழிநடத்துகிறோம். தூரத்தில் நிறுத்திவிட்டு வரும் பெரியவர்களை வேனில் ஏற்றி வர ஏற்பாடு செய்கிறோம். ஆனால் 2021 டிசம்பரை ஒருமுறை நினைத்துப் பாருங்க. லங்காட் பெருகி டெங்கில் என்ன பாடுபட்டது! மழைத் தண்ணீருக்குப் போக இடமில்லாதபோது அது நம் வீட்டுக்குள் வருகிறது. குளம் என்பது தண்ணீருக்கு நாம் விட்டுவைத்த இடம். சிமெண்டு ஒரு சொட்டும் குடிக்காது.

"குழந்தைகள் விழுந்துவிட்டால்?" இதற்கு நாங்கள் முழுச் சம்மதம். கம்பி வேலி, பூட்டுள்ள கதவு, வெளிச்சம் மூன்றும் இல்லாமல் வேலையைத் தொடங்க மாட்டோம்.

அன்பர்களே, நம் மக்கள் இந்த ஊருக்கு வந்த வழியைப் பாருங்க. காட்டின் ஓரத்தில் லயம், தோட்டத்தின் ஓரத்தில் கோயில், நகரத்தின் ஓரத்தில் அடுக்குமாடி. ஓரம் கிடைத்ததற்காக யாரும் பூக்காமல் இருந்ததில்லை. ஈயத்துக்காகக் கழுவிக் கொட்டிய மணலுக்கு நடுவிலும் கொஞ்சம் சேறு சேர்ந்த இடத்தில் தாமரை வேர்பிடித்ததை பாயா இண்டாவில் கண்ணால் பார்க்கலாம். நம் குளத்து ஓரத்தில் அதை நாமே நட்டு, நாமே பறித்து, அம்மன் பாதத்தில் வைக்கும் நாள் வந்தால், தோட்டத்து ஓடைக்கரையில் செம்பருத்தி நட்ட பாட்டிமார்களின் வேலை தொடர்கிறது என்று அர்த்தம்.

ஆண்டுக் கூட்டத்துக்கு அவசியம் வாங்க. எந்தக் கருத்தானாலும் வந்து சொல்லுங்க, கைதூக்குங்க. வீட்டிலேயே இருந்துகொண்டு பிறகு வருத்தப்பட வேண்டாம். முடிவு குளத்துக்குச் சாதகமாக வந்தால், அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கே கோத்தோங் ரோயோங். மண்வெட்டி, வாளி, பழைய பூட்ஸ் கொண்டு வாங்க. களிமண் கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்க. தோட்டத்தில் வாழ்ந்த பெரியவங்க யாராக இருந்தாலும், பழைய கோயிலைச் சுற்றி என்னென்ன பூ இருந்தது என்று நினைவு இருந்தால் வந்து எங்களிடம் சொல்லுங்க. தாமரைக்குப் பக்கத்தில் அதையும் நடுவோம். காலை டீயும் பசியாறலும் ஆலயத்தில் உண்டு.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர் அணி, டெங்கில்